மேற்கு ஆபிரிக்காவின் எண்ணெய்ப்பனையும் பெண்களின் உழைப்பும்

நாள்தோறும் கைகழுவப் பயன்படும் சவர்க்காரத்திலும், தேநீருடன் உண்ணப்படும் பிஸ்கற்றிலும், பலகாரம் பொரிக்கும் தாச்சியிலும் இன்று தவறாது இடம்பெறும் பொருள் ஒன்று உண்டு. எண்ணெய்ப்பனையின் எண்ணெயே அப்பொருள். உலகச் சந்தையில் இன்று மிகுதியாக விற்பனையாகும் தாவர எண்ணெய் அதுவேயாகும். அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் நாடுகள் இந்தோனேசியாவும் மலேசியாவும் என்பதைப் பலரும் அறிவர். ஆனால் அம்மரத்தின் தாயகம் அந்நாடுகளல்ல. மேற்கு ஆபிரிக்காவே அதன் தாயகம். அங்கே பெருந்தோட்டங்களும் ஆலைகளும் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலத்துக்கு முன்பே, கிராமத்து வீட்டு முற்றங்களில் பெண்கள் அந்த எண்ணெயைப் பிழிந்தெடுத்தனர். வாணிகத்தின் வரலாற்றை எழுதியோர் எத்தனை தொன் எண்ணெய் கப்பலேறியது என்று கணக்கிட்டனர். எத்தனை கைகள் அதனைப் பிழிந்தன என்று கணக்கிட்டவர் மிகச் சிலரே. அந்தக் கைகளின் வரலாற்றைத் தென்கிழக்கு நைசீரியாவை நடுவாகக் கொண்டு ஆராய்தல் பயனுடையதாகும்.

முதலில் மரத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். எண்ணெய்ப்பனை என்றதும் யாழ்ப்பாணத்துக் கற்பகதருவை எண்ணிவிடலாகாது. அது வேறு, இது வேறு. மலேசியத் தமிழர் இதனைச் செம்பனை என்பர். இலங்கைத் தோட்டப் பகுதிகளில் முள்ளுத்தேங்காய் என்ற பெயர் வழங்குகின்றது. ஓலைக் காம்புகளின் அடியில் முட்கள் நிறைந்திருக்கும். காம்புகளின் இடுக்கில் பெருங்குலைகள் தோன்றும். ஒரு குலையில் பல நூறு பழங்கள், சில வேளைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பழங்களும் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். பழம் ஏறக்குறையப் பாக்கின் பருமனுடையது. செம்மஞ்சள் நிறமான அதன் சதையிலிருந்து சிவந்த எண்ணெய் கிடைக்கும். சதைக்குள்ளே வன்மையான கொட்டை. கொட்டைக்குள்ளே வெண்மையான பருப்பு. அப்பருப்பிலிருந்து வேறோர் எண்ணெய் கிடைக்கும். அது தேங்காயெண்ணெயை ஒத்தது. ஆகவே ஒரே பழம் இருவகை எண்ணெயைத் தருகின்றது. இந்த இயற்கைச் செய்தியை நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும். பின்னர் எழுந்த பூசல்கள் பலவற்றுக்கு, சதையின் எண்ணெய் யாருக்கு, கொட்டையின் பருப்பு யாருக்கு என்ற வினாவே அடிப்படையாக அமைந்தது.

நைசீரியாவின் தென்கிழக்குப் பகுதியில் இக்போ, இபிபியோ முதலிய இனத்தவர் வாழ்கின்றனர். அவர்களிடையே எண்ணெய்ப்பனை பெரும்பாலும் நட்டு வளர்க்கப்பட்ட மரமன்று. வள்ளிக்கிழங்குத் தோட்டத்துக்காகக் காட்டை வெட்டும்போது மற்ற மரங்களை வீழ்த்தி, இம்மரத்தை மட்டும் விட்டுவைத்தனர். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தமையால், ஊரைச் சுற்றிய நிலமெங்கும் எண்ணெய்ப்பனைகள் செறிந்து வளர்ந்தன. மரமேறிக் குலை வெட்டுவது ஆண்களின் தொழில். நம்நாட்டுப் பனையேறி காலில் தளைநார் இட்டு ஏறுவான். அந்நாட்டான் தன் இடுப்பையும் மரத்தையும் சேர்த்து வளையமாகக் கட்டிய கயிற்றிற் சாய்ந்து ஏறுவான். பெண் மரமேறுவதை வழக்கம் அனுமதிக்கவில்லை. குலை நிலத்தில் வீழ்ந்ததும் ஆணின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அதன்பின் நிகழ்வன பெரும்பாலும் பெண்ணின் வேலைகளே.

அந்த வேலைகளின் ஒழுங்கைக் கேட்டாலே அவற்றின் சுமை விளங்கும். முள் நிறைந்த குலைகளைத் தலைச்சுமையாக வீடு சேர்த்தல் முதல் வேலை. குலையை வெட்டித் துண்டாக்கி, இலைகளால் மூடிச் சில நாட்கள் வைத்தால் பழங்கள் இளகும். இளகிய பழங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பொறுக்கவேண்டும். இதற்குப் பிள்ளைகளும் துணைசெய்வர். பின்னர் பழத்தைப் பெரிய பானையில் இட்டு நெடுநேரம் அவிக்கவேண்டும். அதற்கு விறகும் தண்ணீரும் வேண்டும். அவற்றைச் சுமந்து வருபவளும் பெண்ணே. அவித்த பழத்தை மரவுரலில் இட்டு உலக்கையால் இடிப்பர். கொட்டை உடைந்துவிடாமற் சதை மட்டும் கூழாகும்படி இடித்தல் கைப்பழக்கத்தால் வருவது. இடித்ததிலிருந்து கொட்டைகளைப் பிரித்தெடுத்து, எஞ்சிய தும்பைச் சூடு ஆறுமுன் கைகளால் முறுக்கிப் பிழிவர். பிழிந்ததை மீண்டும் நீருடன் காய்ச்ச, எண்ணெய் மேலே மிதக்கும். அதை வழித்தெடுத்து, ஈரம் போகும்வரை மறுபடியும் காய்ச்சி வடித்தால் சிவந்த எண்ணெய் ஆயத்தமாகும். எஞ்சிய தும்பும் வீண்போவதில்லை. உலர்த்தி அடுப்பு மூட்டுவதற்கு வைத்துக்கொள்வர்.

இம்முறையால் கிடைப்பது மென்னெண்ணெய் எனப்படும். நைசீரியாவின் வேறு சில பகுதிகளில் பழத்தைக் குழிகளிலோ பழைய தோணிகளிலோ இட்டு, நன்கு புளிக்கவிட்டுக் காலால் மிதித்து எண்ணெய் எடுத்தனர். அதற்கு விறகும் ஆட்பலமும் குறைவாகவே வேண்டும்; ஆனால் எண்ணெயிற் புளிப்பமிலம் மிகுந்து, அது விரைவில் இறுகிவிடும். அதனை வன்னெண்ணெய் என்றனர். உண்பதற்கு உகந்ததும் விலைமதிப்பு உயர்ந்ததும் மென்னெண்ணெயே. சந்தையில் ஓர் எண்ணெயின் தரத்தை உயர்த்தியது பெண்கள் செலவிட்ட மிகுதியான உழைப்பே என்பது இதனாற் பெறப்படும்.

எண்ணெயை எடுத்த பின்னரும் கொட்டைகள் எஞ்சியிருக்கும். அவற்றை வெயிலில் உலர்த்தி, ஒரு கல்லின்மேல் வைத்து மற்றொரு கல்லால் ஒவ்வொன்றாக உடைத்துப் பருப்பெடுத்தனர். ஓய்வுநேரம் என்று சொல்லப்படும் மாலைப் பொழுதுகளில் கிழவிகளும் சிறுமியரும் கூடியிருந்து செய்த வேலை இது. ஒரு சுமை பருப்புச் சேர எத்தனை ஆயிரம் முறை கல் உயர்ந்து தாழ்ந்திருக்கவேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இந்தக் கிராமத் தொழில் உலக வாணிகத்துடன் இணைந்த விதம் வியப்புக்குரியது. பல நூற்றாண்டுகளாக நைகர் ஆற்றின் கழிமுகத் துறைகளிலிருந்து ஏற்றுமதியான சரக்கு மனிதரே. 1807 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது. அக்காலத்திலேயே இங்கிலாந்தில் இயந்திரத் தொழில்கள் பெருகின. இயந்திரங்களுக்கு மசகும், தொழிலாளருக்குச் சவர்க்காரமும், வீடுகளுக்கு மெழுகுதிரியும் தேவைப்பட்டன. இவை யாவற்றுக்கும் எண்ணெய்ப்பனையின் எண்ணெய் உதவியது. அடிமைகளை ஏற்றிய இலிவர்பூல் வணிகர் சிலரே எண்ணெய்ப் பீப்பாக்களை ஏற்றலாயினர். 1850களின் தொடக்கத்தில் பிரித்தானியா ஆண்டொன்றுக்கு 30,000 தொன்னுக்கு மேற்பட்ட எண்ணெயை இறக்குமதி செய்தது. கழிமுகத்து ஆறுகளுக்கு எண்ணெய் ஆறுகள் என்ற பெயரே நிலைத்தது. அவ்வாணிகத்தின் பெருந்தலைவராக விளங்கிய ஒப்போபோ மன்னர் ஜாஜா, ஆங்கில வணிகர் உள்நாட்டுச் சந்தைகளுக்கு நேரே செல்வதைத் தடுத்தார். 1887 ஆம் ஆண்டில் அவர் சிறைப்பிடிக்கப்பட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார்; 1891 ஆம் ஆண்டில் தாயகம் திரும்பும் வழியில் இறந்தார். மன்னரும் வணிகரும் மாலுமிகளும் இவ்வரலாற்றிற் பெயருடன் நிற்கின்றனர். அவர்கள் விற்றதையும் வாங்கியதையும் ஆக்கிய பெண்கள் பெயரின்றி நிற்கின்றனர்.

வாணிகம் பெருகியபோது வேலையும் பெருகியது. வீட்டுக்கு வேண்டிய அளவு எண்ணெய் பிழிந்த பெண், கப்பலுக்கு வேண்டிய அளவும் பிழியவேண்டியவளானாள். பல மனைவியரும் பல பிள்ளைகளும் உடைய ஆடவன் மிகுதியான எண்ணெயை விற்கலாம். ஆதலால் வீட்டின் ஆட்பலமே செல்வமாயிற்று. ஆயினும் பெண்ணுக்கு எவ்விதப் பயனும் இல்லாதிருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் ஐரோப்பாவிற் பருப்புக்குக் கிராக்கி எழுந்தது. 1869 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டிற் கண்டுபிடிக்கப்பட்ட மாஜரின் என்னும் வெண்ணெய்ப் பதிலீடு, காலப்போக்கில் இப்பருப்பின் எண்ணெயையும் வேண்டி நின்றது. ஜெர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்தில் பருப்பு ஆட்டும் ஆலைகள் பெருகின. அதற்கு முன் கிராமத்தில் மதிப்புக் குறைந்திருந்த கொட்டை, இப்போது காசாகியது.

அந்தக் காசு யாருக்கு உரியது? இக்போ நாட்டின் பல பகுதிகளில் இதற்கோர் எழுதாத உடன்படிக்கை உருவாயிற்று. எண்ணெய் விற்ற பணம் கணவனுக்கு. கொட்டையும் பருப்பும் மனைவிக்கு. அவள் பழத்தை இடித்துப் பிழிந்ததற்குக் கூலி எதுவும் கொடுக்கப்படவில்லை. கொட்டையே கூலியாக அமைந்தது. பருப்பை அளந்து சந்தையில் விற்று, உப்பும் மீனும் துணியும் வாங்கினாள். பிற்காலத்திற் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் அதிலிருந்தே செலுத்தினாள். சீதனக் காணி போலவோ, தாய்வீட்டு நகை போலவோ, தன்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்ளத்தக்க பொருள் அது. எந்தச் சட்டநூலிலும் அந்த உரிமை எழுதப்பட்டிருக்கவில்லை. எனினும் ஊரில் அதை மறுத்தவர் எவருமில்லை.

எழுதாத உரிமை எழுத்தறிந்த அரசின் கண்ணுக்குப் படுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய்ப்பனை பற்றி அரசினர் நடத்திய விவாதம் வேறொன்றாக இருந்தது. சவர்க்கார அதிபரான வில்லியம் லீவர் பிரித்தானிய மேற்கு ஆபிரிக்காவில் பெருந்தோட்டங்களும் ஆலைகளும் அமைக்க நிலம் கேட்டார். அரசு இணங்கவில்லை, அவர் 1911 ஆம் ஆண்டில் பெல்ஜியத்துடன் உடன்படிக்கை செய்து கொங்கோவுக்குச் சென்றார். 1919 முதல் 1925 வரை நைசீரியாவின் தேசாதிபதியாக இருந்த சேர் ஹியூ கிளிபோட், குடியானவரே தம் நிலத்தில் உற்பத்தி செய்யவேண்டும் என்ற கொள்கையை வற்புறுத்தினார். அவர் அதற்கு முன்னர் இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராகவும், 1925 இன் பின்னர் இலங்கையின் தேசாதிபதியாகவும் பணியாற்றியவர். பெருந்தோட்டத்தின் இயல்பை இலங்கையிற் கண்ட ஒருவர் நைசீரியாவில் அதனை மறுத்தார் என்பது குறிக்கத்தக்கது. அம்மறுப்பினால் நைசீரியக் கிராமத்தவர் தம் நிலத்தை இழக்கவில்லை. ஆனால் அவ்விவாதத்தில் குடியானவர் என்ற சொல்லால் குறிக்கப்பட்டவர் ஆண்மகனே. உரலடியில் நின்ற பெண் அச்சொல்லுக்குள் அடங்கவில்லை.

இந்தக் குறை 1929 ஆம் ஆண்டில் பெருந்துயராக வெடித்தது. தென்கிழக்கு நைசீரியாவை ஆளுவதற்கு ஆங்கிலேயர் ஊர்தோறும் நியமனத் தலைவர்களை ஏற்படுத்தியிருந்தனர். ஊர்ச்சபையின் பொது இணக்கத்தால் வாழ்ந்த மக்களுக்கு, மேலிருந்து நியமிக்கப்பட்ட இத்தலைவர்கள் அந்நியரே. 1926 ஆம் ஆண்டில் ஆண்கள் எண்ணப்பட்டனர். வரிக்காக அன்று என்று சொல்லப்பட்ட அந்தக் கணக்கெடுப்பைத் தொடர்ந்து, 1928 ஆம் ஆண்டில் ஆண்களிடம் வரி வாங்கப்பட்டது. எண்ணினால் வரி வரும் என்பதை மக்கள் இவ்வாறு கற்றுக்கொண்டனர். அதே காலத்தில் எண்ணெய்க்கும் பருப்புக்கும் விலை வீழ்ந்தது. வெளிநாட்டுச் சாமான்களின் விலையோ குறையவில்லை. வணிகக் கம்பனிகள் ஒன்றிணைந்தன. பல கம்பனிகளைச் சேர்த்து ஐக்கிய ஆபிரிக்கக் கம்பனி 1929 ஆம் ஆண்டில் உருவாயிற்று. விளைபொருளைப் பரிசோதிக்கும் புதிய விதிகளும் வந்தன. சரக்குக் குறையுடையதென்று தள்ளப்பட்டாற் பாதிக்கப்பட்டவள் அதைச் சுமந்து வந்த பெண்ணே.

1929 நவம்பரில் ஒலோக்கோ என்னும் ஊரில், நியமனத் தலைவரான ஒக்குகோ மீண்டும் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினார். அவர் அனுப்பிய எமெருவா என்னும் பாடசாலை ஆசிரியர், நுவான்யெரூவா என்ற பெண்ணின் வளவுக்குட் சென்றார். அவ்வேளை அவள் பழத்திலிருந்து எண்ணெய் பிழிந்துகொண்டிருந்தாள். ஆடுகளையும் வீட்டாரையும் எண்ணிச் சொல்லும்படி அவர் கேட்டார். உன் தாய் எண்ணப்பட்டாளோ என்ற கருத்தில் அவள் மறுவினா எழுப்பினாள். சொல் முற்றிக் கைகலப்பாயிற்று; எண்ணெய் படிந்த கைகளால் அவள் அவரைப் பற்றினாள். பின்னர் ஓடிச்சென்று, கூட்டம் கூடியிருந்த பெண்களிடம் நடந்ததைக் கூறினாள். பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற செய்தி, இளம் பனையோலைகளின் மூலம் ஊர்விட்டு ஊர் பரவியது. ஓலையைப் பெற்றவள் அதை அடுத்த ஊருக்கு அனுப்புவாள், அதுவே அழைப்பு.

இக்போப் பெண்களிடையே பழைய வழக்கம் ஒன்று இருந்தது. மனைவியைக் கொடுமைப்படுத்துவோனும் சந்தை ஒழுங்கை மீறுவோனும் பெண்கள் கூட்டத்தின் தண்டனைக்கு ஆளாவர். பெண்கள் திரளாக அவன் வீட்டை முற்றுகையிட்டு, அவன் குற்றத்தைப் பாட்டாகப் பாடி ஆடுவர். அவன் பணிந்து திருந்தும்வரை அகலார். இதனை ஆண்மேல் உட்காருதல் என்றனர். ஒக்குகோவுக்கும் இதுவே நேர்ந்தது. பெண்கள் அவர் வளவிலே அமர்ந்தனர்; அவரைப் பதவிநீக்கி விசாரிக்கவேண்டும் என்றனர். அரசு இணங்கியது, அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஒலோக்கோவில் நுவான்யெரூவாவும் அவள் தோழியரும் வன்முறையின்றி நடக்குமாறே பெண்களை வழிநடத்தினர்.

ஆனால் நெருப்பு அங்கே அடங்கவில்லை. ஓவேரி, காலபார் மாகாணங்களிற் பல்லாயிரம் பெண்கள் திரண்டனர். தலையில் இலை சூடி, முகத்திற் கரிபூசி, குருத்தோலை சுற்றிய தடிகளை ஏந்தி வந்தனர். அபா நகரில் ஐரோப்பிய வைத்திய உத்தியோகத்தர் ஒருவரின் மோட்டார் வண்டி இரு பெண்கள்மீது மோதியதும் கூட்டம் கொதித்தெழுந்தது. கம்பனிக் கடைகள் தாக்கப்பட்டன. பல ஊர்களில் நியமனத் தலைவர்களின் நீதிமன்றங்கள் அழிக்கப்பட்டன. டிசம்பர் நடுப்பகுதியில் உத்து எத்திம் எக்போவிலும் ஒப்போபோவிலும் படையினர் பெண்கள் கூட்டத்தின்மீது சுட்டனர். உத்தியோக கணக்கின்படியே 50 பெண்களுக்கு மேல் உயிரிழந்தனர். அரசின் பக்கத்தில் ஓர் உயிரும் போகவில்லை. ஆங்கிலேயர் இதனை அபா கலகம் என்று பதிந்தனர். அந்நாட்டு மக்களோ ஓகு உமுன்வானி, அதாவது பெண்களின் போர், என்று அழைத்தனர். ஒரே நிகழ்ச்சிக்கு இட்ட இரு பெயர்களிலும் இரு பார்வைகள் தெரிகின்றன.

1930 ஆம் ஆண்டில் அமர்ந்த விசாரணை ஆணைக்குழு பல நூறு சாட்சிகளைக் கேட்டது. அவருட் பெண்கள் பலர். வரி பற்றிய அச்சத்தோடு, எண்ணெய்க்கும் பருப்புக்கும் கிடைத்த விலை பற்றியும், நியமனத் தலைவர்களின் ஊழல் பற்றியும் அவர்கள் முறையிட்டனர். சந்தையின் நிலையை இலண்டன் அலுவலகங்களைவிட நன்கு உணர்ந்திருந்தவர் அவர்களே. பெண்களுக்கு வரி அப்போது விதிக்கப்படவில்லை. நியமனத் தலைவர் முறை கைவிடப்பட்டது. 1930களில் அமைந்த புதிய உள்ளூர் நீதிமன்றங்கள் சிலவற்றிற் பெண்களும் இடம்பெற்றனர். சில்வியா லீத்-ரொஸ், மார்கறெற் கிறீன் என்னும் இரு ஆங்கில மாதர் இக்போப் பெண்களின் வாழ்க்கையை ஆராய வந்ததும் இந்நிகழ்ச்சியின் விளைவே. அறியாமற் செய்த ஆட்சியின் பயனைக் கண்ட பின்னரே அறியும் ஆவல் பிறந்தது.

எனினும் அந்த அறிவு நெடுங்காலம் நிலைக்கவில்லை. அடுத்த சோதனை இயந்திர வடிவில் வந்தது. 1930களிற் கையாற் சுழற்றும் திருகு அழுத்திகள் கிராமங்களுட் புகுந்தன. பழத்தைக் கையாற் பிழியும்போது அதிலுள்ள எண்ணெயில் ஏறக்குறையப் பாதியே கிடைக்கும். அழுத்தி அதைவிட மிகுதியாகத் தந்தது. அவற்றை வாங்கப் பணமுடையவர் ஆண்களே. துவிச்சக்கர வண்டியின் பின்னே எண்ணெய்த் தகரங்களைக் கட்டித் தூரச் சந்தைக்குக் கொண்டுசென்றவரும் அவர்களே. பெண்ணின் கைவேலை குறைந்தது. அதனோடு எண்ணெய் வாணிகத்தில் அவளுக்கிருந்த பிடியும் தளர்ந்தது. ஆயினும் கொட்டை பெரும்பாலும் அவளிடமே தங்கியது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் அரசினர் முன்னோடி எண்ணெய் ஆலைகள் என்ற சிற்றாலைகளைக் கிழக்கு நைசீரியாவில் நிறுவினர். இவ்வாலைகள் பழத்திலுள்ள எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிழிந்தெடுத்தன. பொறியியலாளர் நோக்கில் இது குறையற்ற திட்டம். பெண்களை இடிப்பதிலிருந்தும் பிழிவதிலிருந்தும் விடுவிக்கும் திட்டம் என்றும் அது போற்றப்பட்டது. ஆனால் ஆலை பழத்தை முழுதாகவே வாங்கியது. பழத்தை விற்றவன் கணவன். காசு அவன் கையிற் சேர்ந்தது. கொட்டை ஆலையிலேயே தங்கியது. அதனால் 1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் பெண்கள் பல ஊர்களில் ஆலைகளை எதிர்த்து மறியல் செய்தனர்; சில இடங்களில் ஆலை அமைப்பதையே தடுத்தனர். மேலதிகாரிகள் இதனை முன்னேற்றத்தை வெறுக்கும் அறியாமை என்று கருதினர். உண்மையில் அப்பெண்கள் இயந்திரத்தை வெறுக்கவில்லை. தம் உழைப்புக்கு ஈடாக வழக்கம் வழங்கிய ஒரே பொருள் பறிபோவதையே எதிர்த்தனர். உலக்கையைக் கீழே வைக்க அவர்களுக்கு ஆட்சேபமில்லை. கொட்டைக்குப் பதில் என்ன என்பதே அவர்கள் வினா. அவ்வினாவுக்குத் திட்டத்தில் விடை எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆலைகளின் பின்வரலாறும் படிப்பினை தருவதே. 1950 ஆம் ஆண்டிற் புளிப்பமிலம் குறைந்த எண்ணெய்க்கு விசேட தரம் என்ற பெயருடன் உயர்ந்த விலை நிர்ணயிக்கப்பட்டது. ஆலைகளே அத்தரத்தை எட்டும் எனப் பலர் எண்ணினர். ஆனால் சில ஆண்டுகளுக்குள், கிராமத்துக் கையழுத்திகளிலிருந்து வந்த எண்ணெயின் பெரும்பகுதி அத்தரத்தை எட்டியது. புதுப்பழத்தைத் தாமதியாது அவித்துப் பிழிந்தாற் போதும் என்பதை அறிந்து நடந்தனர் கிராமத்தவர். போதிய பழம் கிடைக்காமல் பல ஆலைகள் தளர்ந்தன.

அதன்பின் நிகழ்ந்தவை விரைந்து சொல்லத்தக்கன. 1960களின் நடுப்பகுதிவரை எண்ணெய்ப்பனை ஏற்றுமதியில் முன்னணியில் நின்ற நைசீரியாவை மலேசியா 1966 இல் முந்தியது. 1848 ஆம் ஆண்டில் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்திற் காட்சிக்கு நடப்பட்ட நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்களே தென்கிழக்காசியாவின் பெருந்தோட்டங்களுக்கு முதல் வித்தாயின. 1917 ஆம் ஆண்டில் மலாயாவின் தென்னமரம் தோட்டத்தில் வாணிகப் பயிர்ச்செய்கை தொடங்கியது. அந்நாட்டுத் தோட்டங்களில் உதிர்ந்த பழம் பொறுக்கிய கைகளிலே தமிழ்ப் பெண்களின் கைகளும் இருந்தன. நைசீரியாவிலோ 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போர் எண்ணெய்ப்பனை நாட்டையே போர்க்களமாக்கியது. நிலத்தடிப் பெற்றோலியம் அரசின் வருவாயை நிரப்பத் தொடங்கியதும், பனையெண்ணெய் பின்தள்ளப்பட்டது. இலங்கையில் 1968 ஆம் ஆண்டில் காலி மாவட்டத்து நாக்கியாதெனியாவில் இப்பயிர் தொடங்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் அரசு புதிய பயிர்ச்செய்கையைத் தடைசெய்தது.

ஏற்றுமதி குன்றினாலும் கிராமத் தொழில் அழியவில்லை. நைசீரியாவிலும் கானாவிலும் கமரூனிலும் பெனினிலும் உள்நாட்டுச் சமையலுக்கு வேண்டிய செந்நிற எண்ணெயை இன்றும் சிறு உற்பத்தியாளரே பெருமளவில் வழங்குகின்றனர். அவருட் பெண்கள் மிகப்பலர். உரலுக்குப் பதிலாக இயந்திரப் பிசைகலம் வந்துள்ளது. ஆயினும் அதன் உரிமையாளர் பெரும்பாலும் ஆணாகவும், அடுப்பின் புகையில் நின்று அவிப்பவரும் வடிப்பவரும் பெண்ணாகவும் இருத்தலைப் பல ஊர்களிற் காணலாம். சில இடங்களிற் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து தமக்கென அழுத்தியும் பிசைகலமும் வாங்கியுள்ளனர். அங்கே எண்ணெயின் விலையைப் பேசுபவரும் அவர்களேயாவர்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை எளிமையானது. ஒரு தொழிலைத் திருத்த முற்படும் அரசும், இயந்திரத்தை அமைக்கும் அறிஞனும், அத்தொழிலின் விளைவு எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அதன் ஒவ்வொரு கூறும் யாருக்கு உரியது என்றும் கேட்டறிதல் வேண்டும். அந்த வினா கேட்கப்படாதபோது, ஒரு முறை துப்பாக்கி முழங்கியது. மறுமுறை ஆலை வாயிலில் மறியல் எழுந்தது. கணக்கெடுக்க வந்தவர் ஆட்டையும் ஆளையும் எண்ணினர். இரு கற்களுக்கிடையே உடைந்த கொட்டைகளை எண்ணியிருப்பின், அந்நாட்டுப் பெண்களின் வாழ்க்கையை அவர்கள் முன்னரே அறிந்திருப்பர்.